அம்ரிதா ஷேர்கில்: கட்டம் கட்டமாக ஒரு வாழ்க்கை

சித்திரக்கதை என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சிறுவர் பத்திரிகைகள்தான். சிரிக்கவும் பொழுதுபோக்கவும் மட்டுமே அது உதவும் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். ஆனால் அண்மைக் காலத்தில் ஐரோப்பாவிலே பெரிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகள் முழு நூல் அளவிலான சித்திரக்கதைகளாக வெளிவருகின்றன. நெதர்லாந்தைச் சேர்ந்த பார்பரா ஸ்டொக் என்ற பெண்மணி 2012 ஆம் ஆண்டில் வின்சென்ட் வான்கோவின் வாழ்க்கையை அவ்வாறு வரைந்தார். 2017 ஆம் ஆண்டில், ஸ்பெயின் நாட்டவர்களான சல்வா ரூபியோ எழுத, எஃபா வரைய, குளோட் மொனேயின் வாழ்க்கை சித்திரக்கதையாக வந்தது.

மொனே பற்றிய அந்த நூலைக் கட்டாரிலே வேலை செய்யும் என் சாச்சா சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். அதிலே பல கட்டங்கள் மொனேயின் ஓவியங்களையே நினைவூட்டும்படி வண்ணந் தீட்டப்பட்டிருந்தன. வயது முதிர்ந்து, கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட மொனே தன் வாழ்நாளை எண்ணிப் பார்ப்பதாகக் கதை போகிறது. ஒளியை வரைவதற்காகவே வாழ்ந்த ஒருவருக்குக் கண் பார்வை மங்கினால் எப்படியிருக்கும் என்பதைப் பத்துப் பக்கக் கட்டுரை சொல்வதைவிட ஓர் இருண்ட கட்டம் விரைவாகச் சொல்லிவிடுகிறது.

மொனேயையும் அவருடைய நண்பர்களையும் மனப்பதிவுவாத ஓவியர்கள் என்று அழைப்பார்கள். 1874 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பாரிஸ் நகரில் அவர்கள் தங்கள் முதலாவது கண்காட்சியை நடத்தினார்கள். அரச ஆதரவு பெற்ற பெரிய கண்காட்சியின் நடுவர்கள் அவர்களுடைய ஓவியங்களைப் பலமுறை தள்ளிவிட்டதனால், ஒரு புகைப்படக் கலைஞரின் பழைய கலைக்கூடத்திலே தாமாகவே அதை ஏற்பாடு செய்தார்கள். அங்கே மொனே வைத்த ஓவியங்களில் ஒன்று துறைமுகத்தில் சூரியன் உதிக்கும் காட்சி. அதன் பெயரில் இருந்த ‘மனப்பதிவு’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு விமர்சகர் கேலி செய்தார். அந்தக் கேலிச் சொல்லே பின்னர் அவர்களுக்குப் பெயராகி நிலைத்துவிட்டது.

அந்த முதலாவது கண்காட்சியில் பங்குபற்றிய ஒரே பெண் பெர்த் மொரிசோ. அவர் வீட்டிலிருந்தபடி தனி ஆசிரியர்களிடமே ஓவியம் கற்றார். பிரான்சின் முதன்மையான ஓவியக் கல்லூரியாகிய எக்கோல் தே போசார் 1897 வரையில் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மொரிசோ 1895 இலேயே இறந்துவிட்டார். கதவு திறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்னர்.

அந்தக் கதவு வழியாகப் பின்னாளிலே உள்ளே போன ஒரு பெண்ணைப் பற்றித்தான் நான் எழுதப்போகிறேன். அவர் நமது பக்கத்து நாட்டவர். பெயர் அம்ரிதா ஷேர்கில். மனப்பதிவுவாத ஓவியர்களோடு சேர்ந்து காட்சி வைத்தவர்களான செசானும் கோகெனும் இவருக்கு வழிகாட்டிகள். மொனேக்கும் வான்கோவுக்கும் வந்ததுபோல இவருடைய வாழ்க்கையும் தமிழிலே ஒரு சித்திரக்கதையாக நம் கைகளில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆகவே பன்னிரண்டு கட்டங்களில் அதை வரையத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கும் என்பதைச் சொன்னால் அவருடைய வாழ்க்கையையும் சொன்னதாகிவிடும்.

அதற்கு முன்னர் ஒரு விடயம். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி எமது மார்க்கத்திலே கண்டிப்பான கருத்துகள் உண்டு. உலமாக்கள் அதற்கு வெவ்வேறு விளக்கங்கள் தருகிறார்கள். அதிலே தீர்ப்புச் சொல்ல எனக்கு அறிவும் இல்லை, வயதும் இல்லை. எங்கள் வீட்டிலே உருவப்படங்களைச் சுவரில் மாட்டுவதை வாப்பா விரும்புவதில்லை. அதனால் எனது சித்திரக்கதையில் எந்தக் கட்டத்திலும் முகம் வராது. கை, முதுகு, சேலைத் தலைப்பு, சன்னல், மலை, தூரிகை ஆகியவையே வரும். ஒருவருடைய வேலையைச் சொல்வதற்கு அவை போதும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலாவது கட்டத்தில் ஒரு மேசையும் ஒரு பியானோவும். மேசையின்மேல் பாரசீக, சமஸ்கிருத நூல்களும் ஒரு பழைய புகைப்படக் கருவியும். அம்ரிதா 1913 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் திகதி ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் ஷேர்கில் பஞ்சாபைச் சேர்ந்த சீக்கியப் பிரபு, பன்மொழி அறிஞர், புகைப்படக்கலையில் ஈடுபாடு மிக்கவர். நாமெல்லாம் அறிந்த அல்லாமா இக்பாலின் நண்பருங்கூட. தாயார் மரி அந்துவானெத் ஹங்கேரியைச் சேர்ந்த பாடகி. அடுத்த ஆண்டிலே தங்கை இந்திரா பிறந்தார். அதே ஆண்டில் முதலாம் உலகப் போரும் தொடங்கியது. குடும்பம் இந்தியாவுக்குத் திரும்ப முடியாமல் போர் முடியும்வரை ஹங்கேரியிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது கட்டத்தில் ஒரு கப்பலின் தளம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு கைகள். 1921 இல் எட்டு வயதுச் சிறுமியாக அம்ரிதா இந்தியாவுக்கு வந்தார். குடும்பம் இமயமலை அடிவாரத்திலே சிம்லாவில் குடியேறியது. அக்காலத்திலே சிம்லா பிரித்தானிய ஆட்சியாளரின் கோடைகாலத் தலைநகர். அங்கே அக்காவும் தங்கையும் பியானோவும் வயலினும் கற்றார்கள். அம்ரிதாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வரைவதுதான் விருப்பம். வர்ணம் தீட்டுவதற்கென்று அச்சிட்டு விற்கும் புத்தகங்களை அவர் விரும்பவில்லை. பிறர் போட்ட கோட்டுக்குள் நிறம் நிரப்புவது அவருக்குப் பிடிக்காத வேலை.

மூன்றாவது கட்டத்தில் ஒரு சமையலறை வாசல். அதிலே பாத்திரம் துலக்கும் கைகள். அம்ரிதாவின் தாய்மாமன் எர்வின் பக்தாய் ஓவியம் பயின்றவர், இந்தியவியல் அறிஞர். அவர் சிம்லா வந்தபோது மருமகளின் திறமையைக் கண்டுகொண்டார். கற்பனையிலே இளவரசிகளையும் கதாநாயகிகளையும் வரைந்துகொண்டிருந்த பிள்ளையிடம், கண்ணுக்கு முன்னால் உள்ள மனிதரைப் பார்த்து வரையச் சொன்னார். வீட்டிலே வேலை செய்தவர்களே அவருக்கு மாதிரிகளாக அமர்ந்தார்கள். என் எண்ணத்தில் இந்த வாழ்க்கையின் திருப்புமுனை இதுதான். பிற்காலத்தில் அவர் வரைந்த ஏழைப் பெண்கள் எல்லோரும் இந்தச் சமையலறை வாசலால்தான் வந்தார்கள்.

நான்காவது கட்டத்தில் பாரிஸ் நகரின் பெரிய இரும்பு வாசல். அதற்குள் போகும் ஒரு பெண்ணின் முதுகு. 1929 இல் அம்ரிதாவுக்கு 16 வயது. என்னைவிட ஒரு வயது குறைவு. மகளின் படிப்புக்காகவே தாயும் தந்தையும் தங்கையும் அவரோடு பாரிஸுக்குப் போனார்கள். முதலில் கிராந்த் ஷோமியேர் என்னும் ஓவியக்கூடத்திலும், பின்னர் எக்கோல் தே போசாரில் லூசியன் சிமோன் என்ற பேராசிரியரிடமும் கற்றார். மொரிசோவுக்கு மூடியிருந்த அதே கல்லூரி. நாள்தோறும் மனித உடலின் அமைப்பை, எலும்பும் தசையும் சேரும் இடத்தை, ஒளி விழும் பக்கத்தையும் நிழல் விழும் பக்கத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். திறமை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஐந்து வருட உழைப்பு இருக்கிறது.

ஐந்தாவது கட்டத்தில் இரண்டு நாற்காலிகளும் ஒரு பழத்தட்டும். 1932 இல் அவர் ‘இளம் பெண்கள்’ என்ற ஓவியத்தைத் தீட்டினார். அதிலே அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் தங்கை இந்திரா, மற்றவர் ஒரு பிரெஞ்சுத் தோழி. அந்த ஓவியத்துக்கு 1933 இல் பாரிஸின் பெரிய கண்காட்சியிலே தங்கப்பதக்கம் கிடைத்தது. அந்த அமைப்பின் இணை உறுப்பினராகவும் அவர் தெரிவானார். அவ்வாறு தெரிவானவர்களில் வயதில் மிகக் குறைந்தவர் அவரே. ஆசியாவைச் சேர்ந்தவரும் அவர் ஒருவரே. அப்போது அவருக்கு 20 வயது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் அது பரிசு பெற்ற ஒரு கெட்டிக்காரப் பிள்ளையின் கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் பாரிஸிலே பெயர் கிடைத்த அதே நேரத்தில்தான் அவருக்கு ஊர் நினைவு வந்தது. ஓவியராகத் தான் செய்யவேண்டிய வேலை இந்தியாவில் இருப்பதாக அவர் உணர்ந்தார். அவருடைய வண்ணங்களின் செழுமையைப் பார்த்த பேராசிரியருக்கும் அதே எண்ணம் இருந்தது. 1934 இன் இறுதியில் அவர் நாடு திரும்பினார். அதன்பின் சேலை உடுத்தத் தொடங்கினார்.

ஆறாவது கட்டத்தில் மரங்கள் உதிர்ந்த ஒரு மலைப்பாதை. மங்கிய மஞ்சள் வெயில். போர்வை போர்த்தியபடி நடக்கும் மெலிந்த உருவங்கள். சுற்றுலா விளம்பரங்களிலே இந்தியா நீல வானமும் பளிச்சென்ற நிறங்களும் சிரித்த முகங்களுமாக இருந்தது. அம்ரிதா கண்டது குளிர்காலத்து வறண்ட மண்ணையும் பொறுமையோடு வேலை செய்யும் ஏழை மக்களையும். அவர்களைத்தான் வரைவது என்று தீர்மானித்தார். 1935 இல் ‘மலைநாட்டு ஆண்கள்’, ‘மலைநாட்டுப் பெண்கள்’ ஆகிய ஓவியங்கள் பிறந்தன. ‘மலைநாட்டுப் பெண்கள்’ பிற்காலத்தில், 1978 இல், இந்திய அரசின் தபால் முத்திரையாக வெளிவந்தது.

இதை எழுதும்போது நமது கற்பிட்டியைப் பற்றி எண்ணாமல் இருக்க முடியவில்லை. நமது கரையைப் பற்றிய விளம்பரங்களில் டொல்பின்களும், காற்றுப்பட்டத்தோடு கடலில் சறுக்கும் வெளிநாட்டவர்களும் வருவார்கள். அவையும் உண்மைதான். ஆனால் புத்தளத்து உப்பளங்களிலே உச்சி வெயிலில் உப்பு வாரும் பெண்கள் அந்தப் படங்களில் வருவதில்லை. தலையிலே துணியைச் சுற்றி, வெண்மையின் கூச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கி, குனிந்தபடியே நிற்கும் அவர்களை அம்ரிதா கண்டிருந்தால் தூரிகையை எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏழாவது கட்டத்தில் திருப்பி அனுப்பப்படும் ஒரு கடித உறை. 1935 இல் சிம்லா ஓவியச் சங்கத்தின் கண்காட்சிக்கு அவர் அனுப்பிய ஓவியங்களில் சிலவற்றை ஏற்று, சிலவற்றைத் தள்ளி, ஒன்றுக்குப் பரிசும் கொடுத்தார்கள். அம்ரிதா அந்தப் பரிசை ஏற்க மறுத்துவிட்டார். பழைய முறையில் வரைந்ததைப் பாராட்டி, புதிதாக முயன்றதைத் தள்ளும் பரிசு அவருக்கு வேண்டியதாக இருக்கவில்லை. 22 வயதுப் பெண் அவ்வாறு செய்தது பலருக்கு ஆணவமாகப் பட்டது. எங்கள் வீட்டிலே நான் இதைச் சொன்னபோது உம்மாவும் அப்படித்தான் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் பரிசைத் திருப்பியவர் சும்மா இருக்கவில்லை. அதே வருடத்திலே அடுத்த கட்டத்தில் வரும் ஓவியத்தைத் தீட்டினார்.

எட்டாவது கட்டத்தில் மூன்று சோடிக் கைகள். ‘மூன்று பெண்கள்’ என்ற அந்த ஓவியத்தை நம் கல்லூரியிலே படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். ஏறத்தாழ நம் வயதுடைய மூன்று பெண் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை, பேசவுமில்லை. பார்வை கீழே இருக்கிறது. பின்னணியிலே வீடு இல்லை, மரம் இல்லை, எதுவும் இல்லை. கைகள் மடியிலே ஓய்ந்து கிடக்கின்றன. தங்களைப் பற்றி வேறு யாரோ எடுக்கப்போகும் ஒரு முடிவுக்காகக் காத்திருப்பவர்களைப் போல இருக்கிறார்கள். அந்த முடிவு கல்யாணமாக இருக்கலாம், படிப்பை நிறுத்துவதாக இருக்கலாம். ஓவியர் எதையும் சொல்லவில்லை. 1937 இல் பம்பாய் ஓவியச் சங்கம் இதற்குத் தங்கப்பதக்கம் வழங்கியது.

மொனேயும் நண்பர்களும் ஒளியைத் தேடிப் போனார்கள். ஒரே வைக்கோற் போரைக் காலையிலும் மாலையிலும் பனியிலும் வெயிலிலும் மொனே வரைந்தார். அம்ரிதா அவர்களிடமிருந்து நிறத்துக்கு அஞ்சாமல் இருக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் தேடிப் போனது ஒளியை அல்ல, பேசாமல் இருப்பவர்களை.

ஒன்பதாவது கட்டம் அகலமானது, பக்கத்தின் இரு ஓரங்களையும் தொடும். அதிலே கடல். 1936 இன் இறுதியில் அம்ரிதா தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். முதலில் அஜந்தா, எல்லோராக் குகைகள். அஜந்தாவின் பழைய சுவரோவியங்கள் அவரை உலுக்கிவிட்டன. பாரிஸிலே தான் தேடிய எளிமை பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இங்கே குகைச் சுவர்களில் இருந்ததைக் கண்டார். பின்னர் ஹைதராபாத், திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சியிலே மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்கள் என்று பயணம் தொடர்ந்தது. நமது கற்பிட்டிக் கரையிலிருந்து மன்னார் வளைகுடாவைத் தாண்டினால் தென்தமிழகத்தின் கரை. கன்னியாகுமரி அதன் தென்கோடி. நாம் இங்கே பார்க்கும் வெயிலும் தென்னையும் கரிய மேனி மக்களுமே அவர் அங்கே பார்த்தவை.

சிம்லா திரும்பியதும் 1937 இல் அவர் தீட்டிய மூன்று ஓவியங்களைத் தென்னிந்திய முத்தொகுதி என்பார்கள். ‘மணமகளின் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தவர்’ என்பன அவை. மூன்றாவது ஓவியத்திலே சந்தைக்குப் போகும் மக்களின் மண்ணிறமும் கருமையும் வெண்துணியும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன. கருமையான மேனியை அழகு என்று வரைந்த ஓவியர் அவர். வெள்ளையாக்கும் களிம்புகளின் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது ஒரு பாடம்.

அந்தப் பயணத்திலே ஏமாற்றங்களும் இருந்தன. ஹைதராபாத்தின் நவாப் சாலார் ஜங் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வாங்காமல் திருப்பிவிட்டார். மைசூர் மகாராஜா ரவி வர்மாவின் ஓவியங்களையே விரும்பினார். இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியங்களை அன்று அவர் பெட்டியிலே கட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய், மீண்டும் கட்டித் திருப்பிக் கொண்டுவந்தார்.

பத்தாவது கட்டத்தில் ஒரு மரத்தில் கட்டிய ஊஞ்சல். 1938 இல் ஹங்கேரிக்குப் போய் தன் உறவினரான வைத்தியர் விக்டர் ஏகனைத் திருமணம் செய்தார். மறுவருடம் இருவரும் இந்தியா வந்து, கோரக்பூர் மாவட்டத்திலே சராயா என்னும் கிராமத்தில், சிறிய தந்தையாரின் சீனி ஆலை அமைந்த பண்ணையில் வாழ்ந்தார்கள். விக்டர் அங்கே வைத்தியம் பார்த்தார். அம்ரிதா கிராமத்துப் பெண்களின் பகல் பொழுதை வரைந்தார். கட்டிலிலே சாய்ந்திருப்பவள், மஞ்சள் அரைப்பவர்கள், ஊஞ்சல் ஆடுபவர்கள், கதை சொல்லும் முதியவர், குளத்திலே குளிக்கும் யானைகள். முகலாய, இராஜஸ்தானிய, மலைநாட்டுச் சிற்றோவியங்களை ஆழ்ந்து கவனித்தவர் என்பது அந்த ஓவியங்களைப் பார்த்தாலே விளங்கும். உருவங்கள் சிறிதாகிவிட்டன. நிறங்கள் மாத்திரம் இன்னும் துணிச்சலாகிவிட்டன.

பதினோராவது கட்டத்தில் மொட்டைமாடியிலிருந்து தெரியும் லாகூர். 1941 செப்ரெம்பரில் அம்ரிதாவும் விக்டரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தார்கள். படித்தவர்களும் கலைஞர்களும் நிறைந்த நகரம் அது. டிசம்பரில் பெரிய கண்காட்சி ஒன்று ஏற்பாடாகியிருந்தது. தன் வீட்டிலிருந்து தெரிந்த சுவர்களையும் கூரைகளையும் கீழே நிற்கும் எருமைகளையும் அவர் வரைந்துகொண்டிருந்தார். அது முடியவில்லை. சில நாட்கள் நோயுற்றிருந்து, டிசம்பர் 5 ஆம் திகதி இரவு காலமானார். வயது 28. கண்காட்சி அவர் இல்லாமலே அதே மாதத்தில் நடந்தது. டிசம்பர் 5 ஆம் திகதிதான் மொனே இறந்த நாளும். ஆனால் மொனே 1926 இல் தனது 86 ஆவது வயதில், உலகமே அறிந்த பிறகு இறந்தார்.

அம்ரிதாவின் வாழ்க்கை முறை எல்லாமே நமக்கு ஏற்றது என்று நான் சொல்லவில்லை. அவர் வளர்ந்த வீடு வேறு, நாம் வளரும் வீடு வேறு. அவருடைய எல்லா முடிவுகளையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் இரண்டு விடயங்களை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று அவருடைய பெற்றோர் செய்தது. பெண் பிள்ளையின் கையிலே ஒரு திறமை இருப்பதைக் கண்டவுடன் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கவில்லை. அவர்களிடம் வசதி இருந்தது, கடல் கடந்து போனார்கள். நம்முடைய பெற்றோர் கடல் கடக்க வேண்டியதில்லை. உயர்தரத்திலே சித்திரத்தை ஒரு பாடமாக எடுக்கட்டுமா என்று பிள்ளை கேட்டால், அதனால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வியோடு பேச்சை முடித்துவிடாமல், இன்னும் ஐந்து நிமிடம் பேசினால் போதும். எனது வகுப்பிலே நன்றாக வரையக்கூடிய இருவர் சாதாரண தரத்தோடு பென்சிலை வைத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. குடும்பத்தின் கவலைகள் அவர்களுக்குத் தெரியும். ஆசிரியையாக, ஆடை வடிவமைப்பாளராக, நூல்களுக்குப் படம் வரைபவராக வீட்டிலிருந்தும் வெளியிலும் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்தால் அந்தக் கவலை கொஞ்சமாவது குறையும்.

இரண்டாவது அம்ரிதா செய்தது. பாரிஸிலே கற்றதை எடுத்துக்கொண்டு வந்து, தன் மண்ணிலே யாரும் ஏறிட்டுப் பார்க்காதவர்களைப் பார்த்தார். நம் மாவட்டத்திலே அப்படிப் பார்க்கவேண்டியவர்கள் எத்தனையோ பேர். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்த இடம் புத்தளம். எனது உம்மும்மாவும் மன்னாரிலிருந்து அப்படி வந்தவர்தான். கையிலே எடுத்து வந்தது ஒரு பை. அதிலே ஒரு புகைப்படங்கூட இருக்கவில்லை. அவர் இளம் வயதில் எப்படியிருந்தார், அவருடைய வீட்டு முற்றம் எப்படியிருந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு படமும் கிடையாது. அவர் சொல்லக் கேட்டதுதான் உண்டு. இப்போதும் பின்னேரங்களிலே பனையோலைப் பெட்டி இழைப்பார். கண் பார்க்காமலே விரல்கள் ஓலையை மடக்கும்.

அம்ரிதாவின் ஓவியங்களிலே பெரும்பகுதி இன்று டெல்லியிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தில் பாதுகாக்கப்படுகிறது. 1976 இல் இந்திய அரசு அவருடைய படைப்புகளைத் தேசியக் கலைச் செல்வங்களாக அறிவித்தது. அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. 2023 இல் ‘கதை சொல்லி’ என்ற ஓவியம் 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு ஏலம் போனது. அந்த நாள்வரையில் இந்திய ஓவியம் ஒன்று ஏலத்திலே பெற்ற ஆகக்கூடிய விலை அது. அவர் பிறந்தது ஹங்கேரியில், கற்றது பிரான்சில், இறந்தது இன்றைய பாகிஸ்தானில். ஆனாலும் அந்த ஓவியத்திலே இருப்பவர்கள் ஒரு சாதாரணக் கிராமத்து முற்றத்திலே கதை கேட்க உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். அவர்களிடம் யாரும் அதற்கு முன்னர் விலை கேட்டதில்லை.

பன்னிரண்டாவது கட்டத்தை நான் அம்ரிதாவுக்காக ஒதுக்கவில்லை. அதிலே உம்மும்மாவின் கைகளும் பாதி இழைத்த ஓலைப்பெட்டியும் வரும். அவரிடம் அனுமதி கேட்டேன். கையை மட்டும் என்றால் வரைந்துகொள் என்றார். வெற்றிலைக் கறை தெரியாமல் வரையவும் சொன்னார்.

இதுவரையில் நான்கு கட்டங்கள் முடிந்துவிட்டன. மீதியை ஆண்டிறுதிக்குள் முடித்து, பாடசாலைச் சுவர்ப் பத்திரிகையிலே ஒட்டுவதற்கு எண்ணியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். எனக்கு மலைகளும் மரங்களும் ஓரளவு வரும். கப்பலும் யானையும் வராது. கப்பல் வரையத் தெரிந்த தங்கைமார் யாராவது இருந்தால், புதன்கிழமைகளில் இடைவேளையின்போது சித்திர அறைக்கு வாருங்கள். கடற்கரையிலே வளர்ந்த பிள்ளைகள் நாம். நம்மில் ஒருவருக்காவது கப்பல் வரையத் தெரியாமலா போகும்?